மீதிப் பாலு எங்க கண்ணு போச்சு?

"மாப்ள, இந்த வருசம் பேரவைக் கூட்டத்துல சும்மா நம்பர் நம்பரா வாசிச்சா ஒருத்தரும் காது குடுக்க மாட்டாங்க. நீதான் கம்ப்யூட்டர்லயே குடியிருக்கறயே, படங்கிடம் போட்டு ஒரு ஃபிளெக்ஸ் அடிச்சுக் குடு." மாமா போனில் இப்படிச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அம்மா ஊரில் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு அவர் செயலாளர். நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் எம்.ஐ.எஸ்., அதாவது மேனேஜர்களுக்குக் கணக்கு ரிப்போர்ட் போட்டுக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு எக்செல்லைத் திறந்தால் சாயங்காலம் மூடுவது, அவ்வளவுதான் வேலை. பன்னிரண்டு வருடத்தில் என் சார்ட்டை யாரும் அழகாக இருக்கிறது என்று சொன்னதில்லை. மேனேஜருக்கு நாலு நீலக் கம்பி நின்றால் போதும், கடைசிக் கம்பி முந்தினதைவிட உயரமாக இருந்தால் இன்னும் சந்தோஷம். ஊர்க்காரர்கள் பார்க்க, ஆறடிக்கு நாலடி ஃபிளெக்ஸில், என் கைவண்ணம் தொங்கப் போகிறது என்றதும் கை பரபரத்தது.

கணக்கு ரொம்பச் சின்னது. சங்கத்துக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை லிட்டர் பால் வந்தது என்று மூன்று மாதத்துக்கு ஒரு எண், ஆக வருடத்துக்கு நாலே எண்கள். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை 300. அடுத்த மூன்று மாதம் 340. மழை பெய்து பசுந்தீவனம் கிடைத்த அக்டோபர் முதல் டிசம்பர் வரை 440. கடைசியில் 400. பள்ளிக்கூடப் பையன்கூட அரை மணி நேரத்தில் போட்டுவிடுவான். நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன்.

ஏழாம் நம்பர் கேன்

எக்செல்லில் கம்பிக்குப் பதிலாகப் படம் வைப்பது ஒரு பெரிய வித்தையே இல்லை. படத்தைக் காப்பி செய்து, சார்ட்டில் கம்பியின் மேல் ஒரு சொடுக்குச் சொடுக்கி, கன்ட்ரோலும் வி-யும் அழுத்தினால் நீலம் போய்ப் படம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பலருக்கு இது தெரியாததால், ஆபீசில் ஒருமுறை இதைச் செய்து காட்டி மந்திரவாதி பட்டம் வாங்கியிருக்கிறேன். நெட்டில் கிடைத்த பால் கேன் படமெல்லாம் வெளிநாட்டுக் கேனாக, கழுத்து நீண்டு, பூஜாடி மாதிரி இருந்தது. மாமாவிடம் சொன்னேன். அவர் சங்கத்து வாசலில் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியக் கேன் ஒன்றை நிமிர்த்தி, மூடி போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினார். நாற்பது லிட்டர் கேன். வயிற்றில் ஒரு நசுங்கல், சிவப்புப் பெயின்டில் 7 என்று நம்பர். பின்னணியை அழித்துவிட்டு ஒட்டினேன்.

ஒட்டினால் எக்செல் தானாக எடுத்துக்கொள்வது 'ஸ்ட்ரெச்'. கம்பியின் உயரத்துக்குக் கேனை இழுத்துவிடும். 440 லிட்டருக்கு ஒரே கேன், கொக்குக் கழுத்தோடு, ஆளுயரக் கம்பம் மாதிரி நின்றது. 7 என்ற எண்கூட நீண்டு கோடாலி போல ஆகிவிட்டது. சகிக்கவில்லை. ஃபார்மேட் டேட்டா சீரிஸுக்குள் போய், ஃபில்லில் பார்த்தால், கீழே 'ஸ்டேக்' என்று இன்னொன்று இருக்கும். அதை அழுத்தியதும் கேன் தன் உருவத்துக்கு வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டது. என்ன அழகு! அக்டோபர்–டிசம்பரில் பதினான்கு கேன் அடுக்கு. ஆனால் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. ஃபிளெக்ஸில் தூரத்திலிருந்து தெரியாதே என்று கம்பிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் குறைத்தேன். புது எக்செல் தானாக வைப்பது 219 சதவீதம், நான் 50 ஆக்கினேன். கம்பி அகன்றது, கேன் கொழுத்தது, பதினான்கு கேன் ஆறரை ஆயிற்று. மேலே இருந்த கேன் பாதியில் வெட்டுப்பட்டு, மூடியும் கழுத்தும் இல்லாமல் நின்றது. அதையும் ஒரு ஸ்டைல் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த ராத்திரி எனக்கு உறைத்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. பாலில் ஒரு சொட்டுக் குறையவில்லை, 440 லிட்டர் 440 லிட்டராகத்தான் இருக்கிறது. கேன் மட்டும் பதினான்கிலிருந்து ஆறரைக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் அந்தக் கேன் எதைத்தான் அளக்கிறது? நான் கேட்கவில்லை. கலர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்து வாசலில்

சாமியானா, பிளாஸ்டிக் சேர், மைக் செட், மிக்சர், காபி. பேரவைக் கூட்டம் என்றால் எங்கள் பக்கம் இவ்வளவுதான். தலைவர் பேசி முடித்தபின் மாமா என்னைக் கூப்பிட்டு ஃபிளெக்ஸ் பக்கத்தில் நிற்க வைத்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு பையன், "ஏனுங்ணா, எல்லாமே ஏழாம் நம்பர் கேனாவே இருக்குது, மத்த கேனெல்லாம் லீவுங்களா?" என்று கேட்க, கூட்டம் சிரித்தது. எனக்கும் அது பிடித்திருந்தது. பார்க்கிறார்களே! ஒரு வருடமும் யாரும் பார்க்காத கணக்கை இந்த வருடம் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் வரிசையிலிருந்து ஒரு அம்மிச்சி எழுந்து வந்தார். அவர் வீட்டுக்காரர் இருபது வருடத்துக்கு மேலாகச் சங்கத்தில் கேன் கழுவி, வண்டியேற்றிக் கொண்டிருந்தவர். அவர் போனபிறகு, ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு இரண்டு வேளையும் தூக்குப்போசியோடு இந்த அம்மிச்சிதான் வருவார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஃபிளெக்ஸுக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்து, மூன்றாவது அடுக்கில் அடிக்கேன்மேல் விரலை வைத்தார். "ஒன்னு... ரெண்டு... மூணு..." அவருக்கு எட்டாத மேல் கேன்களை நான்தான் காட்ட வேண்டியிருந்தது. ஆறு எண்ணி, ஏழாவது பாதிக் கேனுக்கு வந்ததும் விரல் நின்றது.

"ஏங்கண்ணு, ஐப்பசி மார்கழிலயெல்லாம் காலைல மட்டும் ஏழு கேன் வண்டியேறுச்சு. சாயங்காலம் நாலு. இங்க ஆறரைதான் நிக்குது. மீதிப் பாலு எங்க கண்ணு போச்சு?"

அவர் சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் பால் சங்கத்தில் 'மீதிப் பால்' என்பது சாதாரண வார்த்தை இல்லை. அளவில் ஏய்த்தார்கள், கொழுப்பில் குறைத்தார்கள், கேனிலிருந்து மொண்டார்கள் என்று ஏதாவது ஒரு புகைச்சல் எந்த ஊரிலும் அடியில் கனன்றுகொண்டேதான் இருக்கும். பின்னாலிருந்து "அதான பாத்தேன்" என்றது ஒரு குரல். "படத்துலயே இப்பிடின்னா நோட்டுல எப்பிடியோ" என்றது இன்னொன்று. மாமாவின் முகம் சுண்டிப்போனது. நான் அவசரமாக, "அம்மிச்சி, அது சும்மா டிசைனுக்குங்க. கேனையெல்லாம் எண்ணக் கூடாதுங்க. மேல 440ன்னு போட்டிருக்குது பாருங்க, அதுதானுங்க கணக்கு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எண்ணக் கூடாதுன்னா அப்பறம் எதுக்குக் கண்ணு கேனை வெச்சே?"

மாமா உள்ளே போய் வண்டிச் சீட்டுக் கட்டை எடுத்துவந்து, தேதி வாரியாக, காலை ஏழு, சாயங்காலம் நாலு என்று மைக்கில் வாசித்தார். 11 கேன், 440 லிட்டர், கணக்கு சரி. கூட்டம் அடங்க இருபது நிமிடம் ஆனது, காபி ஆறிப்போனது. வீட்டுக்கு வரும் வழியில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஃபிளெக்ஸ் அடுத்த மழைக்குச் சோளத்தட்டுப் போரை மூடப் போனது. பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், போரின் சரிவில் ஏழாம் நம்பர் கேன்கள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

வள்ளமும் வியன்னாவும்

முதலில் எனக்குக் கோபம் அம்மிச்சி மேல்தான் வந்தது. சார்ட் படிக்கத் தெரியாதவர்களிடம் சார்ட்டைக் காட்டினால் இப்படித்தான் என்று ஆபீசில் நண்பனிடம் புலம்பினேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் தலைகீழாகப் புரிந்தது. அந்தக் கூட்டத்தில் சார்ட்டைப் படித்த ஒரே ஆள் அவர். மற்றவர்கள் பார்த்தார்கள், அவர் படித்தார். நீலக் கம்பியை யாரும் எண்ணுவதில்லை, எண்ண அதில் ஒன்றுமில்லை. அண்ணாந்து உயரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். கம்பியின் இடத்தில் கேனை வைத்த நொடியே, 'இதோ ஒரு கேன்' என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்தது தெரியாமல் கொடுத்துவிட்டு, அதை நம்பியவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு எண்ணிப் படிப்பது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எங்கள் தாத்தாவின் களத்துமேட்டுக்குப் போக வேண்டும். சோளம் அளக்கும்போது வள்ளத்தை முக்கி எடுத்து, முதல் வள்ளத்துக்கு 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று ஆரம்பிப்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். தலைதட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் யாருக்கும் சந்தேகமில்லை. விளைச்சல் இரண்டு பங்கானால் வள்ளம் இரண்டு பங்கு தடவை முங்கும். வள்ளம் பெரிதாகாது. நடுவில் யாராவது வேறு வள்ளத்தை மாற்றி வைத்தால் அரிவாளோடு வருவார்கள். நான் ஒரு இடைவெளிச் சதவீதத்தை நகர்த்தி வள்ளத்தையே மாற்றியிருக்கிறேன், அதுவும் லைக் வாங்கும் ஆசையில்.

இதையே ஒரு கொள்கையாக வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள் வியன்னாவில் இருந்திருக்கிறார்கள் என்பது பின்னால் தேடிப் படிக்கும்போது தெரிந்தது. ஓட்டோ நொய்ராத் என்ற பொருளாதார அறிஞர் 1925-ல் அங்கே சமூக, பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினார். நகரத்தின் வீடு, வேலை, நோய், பிறப்பு, இறப்புக் கணக்குகளைச் சாதாரணத் தொழிலாளியும் நின்று பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட முதல் விதி, அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, உருவங்களைக் கூட்டு. கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் அந்த உருவங்களை லினோலியத்தில் செதுக்கிக் கொடுத்தார். புள்ளிவிவரக்காரருக்கும் ஓவியருக்கும் நடுவில் நின்று, எதை எப்படிக் காட்டுவது என்று தீர்மானித்தவர் மாரி ரைடமைஸ்டர். அந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'டிரான்ஸ்ஃபார்மர்'. எம்.ஐ.எஸ். என்பதைவிட மேலான பெயர்தான், ஆனால் ஊரில் போய்ச் சொன்னால் ஈ.பி. ஆபீசில் வேலை என்று நினைத்துவிடுவார்கள். 1934-ல் வியன்னாவில் அரசியல் மாறியதும் இவர்கள் ஹாலந்துக்குத் தப்பிப் போனார்கள். அங்கேதான் 1935-ல் இந்த முறைக்கு 'ஐசோடைப்' என்று பெயர் விழுந்தது.

உருவத்தைப் பெரிதாக்காதே என்பதற்குக் காரணம் நேரானது. பால் இரண்டு பங்கானது என்று கேனை உயரத்திலும் இரண்டு பங்கு, அகலத்திலும் இரண்டு பங்கு இழுத்தால், தாளில் அது நாலு பங்கு இடம் பிடிக்கும். பார்ப்பவர் அதை நிஜக் கேனாக மனதில் உருட்டிப் பார்த்தால் எட்டுப் பங்கு பால் கொள்ளும். பவர்பாயின்ட்டில் மூலையைப் பிடித்து இழுத்து இப்படிச் செய்கிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. எக்செல்லின் கொக்குக் கழுத்து ஸ்ட்ரெச் அந்தத் தப்பைச் செய்வதில்லை, அகலத்தைத் தொடாமல் உயரத்தை மட்டும் நீட்டுகிறது. அவலட்சணம்தான், பொய் இல்லை. நான் தேர்ந்தெடுத்த ஸ்டேக் நல்ல லட்சணம். உயரம் சரி, எண்ணிக்கை பொய்.

படமே வேண்டாம் என்கிற கட்சியும் பெரியது. எட்வர்ட் டஃப்டி 1983-ல் 'சார்ட்ஜங்க்' என்று ஒரு சொல்லைப் பிரபலமாக்கினார், வரைபடக் குப்பை என்று வைத்துக்கொள்ளலாம். தகவல் சொல்லாத மை எதுவும் குப்பை. கூட்டம் முடிந்த வாரம் நானும் அந்தக் கட்சியில் சேர்ந்து, ஆபீசில் எல்லா சார்ட்டிலும் கட்டக் கோடுகளைக்கூட அழித்துக்கொண்டிருந்தேன். ஆனால் 2010-ல் கனடாவின் சஸ்காச்செவன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தியிருக்கிறார்கள். வெறும் சார்ட்டையும், கைதேர்ந்த ஓவியர் படம் போட்டு வரைந்த சார்ட்டையும் காட்டி, இரண்டு மூன்று வாரம் கழித்துக் கேட்டால், படம் போட்டதுதான் மக்கள் நினைவில் அதிகம் நின்றிருக்கிறது. 2015-ல் ஹரோஸ், கோசாரா, ஃபிராங்கொனேரி என்ற மூவர் செய்த ஆய்வு இன்னும் கிட்டத்தில் வருகிறது. எண்ணிக்கையைத் தாங்கி நிற்கும் படம் நினைவுக்கு உதவுகிறது, பக்கத்தில் அலங்காரத்துக்கு நிற்கும் படம் கவனத்தைச் சிதறடிக்கிறது. அம்மிச்சி கேட்டதும் இதைத்தானே? எண்ணலாம் என்றால் வை, எண்ணக் கூடாது என்றால் எடு.

நாற்பது

ஸ்டேக்குக்குக் கீழேயே மூன்றாவதாக ஒன்று அதே இடத்தில் இருந்தது, 'ஸ்டேக் அண்ட் ஸ்கேல் வித்'. பக்கத்தில் ஒரு கட்டம், ஒரு படத்துக்கு எத்தனை அலகு என்று கேட்கும். நாற்பது என்று போட வேண்டும், அவ்வளவுதான். 440-க்குப் பதினொன்று, 300-க்கு ஏழரை. இரண்டு ராத்திரி உட்கார்ந்தவனுக்கு அந்தக் கட்டம் கண்ணில் பட்டிருந்தது. அது எதற்கு என்று பார்க்கவில்லை.

ஆனால் வேலை அதோடு முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், செய்து பார்க்கிறவர்கள் என்னைத் திட்டக் கூடாது. நாற்பது என்று போட்டதும் கேனின் உயரத்தைச் சார்ட்டின் ஓரத்தில் எண்கள் நிற்கும் அச்சு தீர்மானிக்கிறது, அகலத்தைக் கம்பி தீர்மானிக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கேன் குண்டாச்சட்டி மாதிரியோ நெய்த்தூக்கு மாதிரியோ ஆகிவிடும். இடைவெளியை ஏற்றி இறக்கிக் கேன் கேனாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். இப்போது அதை எவ்வளவு நகர்த்தினாலும் எண்ணிக்கை அசையாது என்பதால் பயமில்லாமல் நகர்த்தலாம். அச்சைப் பூஜ்யத்தில் தொடங்கி 480-ல் முடித்து, நாற்பதுக்கு ஒரு கோடு போட்டுவிட்டால் ஒவ்வொரு கேனும் ஒரு கோட்டில் உட்காரும். பூஜ்யத்தை நாமே போடுவது நல்லது. எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாக நடுவில் எங்கேயோ அச்சைத் தொடங்கிவிடும், அடிக் கேன்களெல்லாம் மண்ணுக்குள் புதைந்துபோகும். சார்ட்டே வேண்டாம், கட்டத்துக்குள்ளேயே புள்ளி அடுக்கலாம் என்று, ஒரு எழுத்தைச் சொன்ன தடவை திருப்பித் திருப்பிப் போடும் ரெப்ட் ஃபார்முலாவையும் போட்டுப் பார்த்தேன். அது பின்னத்தை வெட்டிவிடுகிறது, ஏழரைக்கு ஏழுதான் நிற்கும். அந்த அரைக் கேனுக்கு மறுபடியும் யார் மைக் முன்னால் நிற்பது?

அரை என்றதும் நினைவுக்கு வருகிறது. பாதியில் வெட்டினாலும் கேன் கேன்தான், அடிப்பாதி மட்டும் தெரிந்தால் 'அரைக் கேன்' என்று யாருக்கும் புரியும். எல்லாப் படத்துக்கும் இது சரிப்படாது. எங்கள் ஆபீசில் ஆள் எண்ணிக்கைக்கு மனித உருவம் வைத்து ஒரு சார்ட் போட்டார்கள், ஒரு உருவத்துக்குப் பத்துப் பேர். ஒரு டிபார்ட்மென்டில் 45 பேர். நாலு முழு ஆள், அவர்கள் தலைக்கு மேலே இடுப்பு வரைக்கும் கால் மட்டும். அந்த டிபார்ட்மென்ட்காரர்கள் மீட்டிங் முழுக்க அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருடம் மாமா கூப்பிடவில்லை. நானே செய்து, பிரின்ட் எடுத்து, பஸ்ஸில் கொண்டுபோனேன். 320, 360, 460, 420. கேனில் இந்தத் தடவை நம்பரை அழித்துவிட்டேன். மூலையில் 'ஒரு கேன் = 40 லிட்டர்' என்று ஒரு வரி, அடுக்கை எல்லோருக்கும் கை எட்டும் உயரத்தில் கட்டச் சொன்னேன். மாமா மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மிச்சி வந்துவிட்டார். அடியிலிருந்து விரல் வைத்துக்கொண்டே போனார். பதினொன்றுக்கு மேல் அந்தப் பாதிக் கேனைத் தடவிப் பார்த்துவிட்டு, "பதனொன்னரை" என்றார். மாமா பேச்சை நிறுத்தி எங்களையே பார்த்தார்.

"சரியா இருக்குதுங்களா அம்மிச்சி?"

"சரியாத்தான் இருக்குது. பாலு ஏறுனதுக்குக் கேன் வெச்சிருக்கறே. தீவன மூட்டை ஏறுனதுக்கு ஏங்கண்ணு படம் வெக்கல?"

திரும்பி வரும் பஸ்ஸில் அதே யோசனை. விலைக்கு மூட்டைப் படத்தை அடுக்க முடியாது. ஒரு மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று அடுக்கினால் எண்ணி ஒன்றும் ஆகாது. ஒரு மூட்டை தீவனம் வாங்க எத்தனை லிட்டர் பால் ஊற்ற வேண்டும் என்று மாற்றினால் எண்ணலாம். போன வருடத்துக்கு ஒரு அடுக்கு, இந்த வருடத்துக்கு ஒரு அடுக்கு. கேன் வேண்டாம், தூக்குப்போசி, ஒரு போசிக்கு ஐந்து லிட்டர். வீட்டுக்கு வந்ததும் போட்டு மாமாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு உடனே விழுந்தது. சாயங்காலப் பால் வண்டி போனபிறகுதான் கூப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்குது மாப்ள. அதை நீயே வெச்சுக்க."